ஊசி வேண்டாம் என்று யார் சொல்வது?

இன்று கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இருக்கும் என் தம்பி மகன் போன வாரம் போன் செய்தான். "அத்தை, நாய்க்கு உரிமம் எடுக்கணும்னா வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கணுமாம். எங்க நாய்க்கு வயசாயிடுச்சு. ஊசி வேண்டாம்னு டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கிட்டா போதாதா?"

சென்னை மாநகராட்சி 2025இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி போடுவது உரிமையாளரின் பொறுப்பு என்று மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு விதிகளும் சொல்கின்றன. அவன் கேட்டதில் தவறில்லை. ஆனால் அவனுக்குப் பதில் சொல்லும் முன் என் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது.

தோணிரேவில் நாங்கள் ஒரு நாய் வளர்த்தோம். முதல் வருடம் ஊசி போட்ட அன்று அதன் முகம் வீங்கிவிட்டது. மறுநாள் சரியாகிவிட்டது. ஆனாலும் "இதுக்கு ஊசி ஒத்துக்கொள்ளாது" என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அடுத்த வருடம் போடவில்லை. அதற்கடுத்த வருடமும் போடவில்லை.

ஒருநாள் சாயங்காலம், நாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக் குழந்தை தடுக்கி அதன்மேல் விழுந்தது. கெண்டைக்காலில் கடித்துவிட்டது. காயத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். அன்றைக்கு ஒன்று, பிறகு 3, 7, 28ஆம் நாட்களில் என்று நான்கு முறை ஊசி. குழந்தையின் அம்மா பனையோலைப் பெட்டி முடைந்து பிழைப்பவள். நான்கு நாள் வேலை போயிற்று. அவள் என்னைத் திட்டவே இல்லை. போகும் வழியில் ஒன்றே ஒன்று கேட்டாள்: "டீச்சர், உங்க நாய்க்கு ஊசி போட்டிருக்குல்ல?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பத்து நாள் நாயைக் கட்டிவைத்து, அது தண்ணீர் குடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. குழந்தையும் நன்றாக இருக்கிறாள். பிறகு கால்நடை மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னேன். முதலில் ஒவ்வாமைக்கு மருந்து கொடுத்து, பிறகு தடுப்பூசி போட்டு, ஒரு மணி நேரம் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார். வீக்கமே வரவில்லை. இரண்டு வருடம் நான் பயந்ததற்கு விடை ஒரே கேள்வியில் இருந்தது. அந்தக் கேள்வியைத்தான் நான் கேட்கவில்லை.

உண்மையாகவே ஊசி போடக்கூடாத நாய்கள் உண்டு. புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவை, முன்பு ஊசியால் உயிருக்கே ஆபத்து வந்தவை போன்றவை. கலிபோர்னியாவில் 2012 முதல் இப்படிப்பட்ட நாய்களுக்குச் சட்டப்படி விலக்கு உண்டு. ஆனால் அதை மருத்துவர்தான் காரணத்தோடு எழுதித் தரவேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் செல்லாது. அந்த நாயை ஊசி போடாத நாயாகவே கருதுவார்கள். வீட்டு வளாகத்தை விட்டு வெளியே விடாதே என்றும் உத்தரவிடலாம். விலக்கு என்றால் பொறுப்பு குறைவதில்லை, கூடுகிறது.

நம் ஊரில் அது நடக்குமா? இங்கே வீட்டு நாய் என்றாலும் ஏரிக்கரையில் படகு நிழலில்தான் படுத்திருக்கும். மீன் காயவைக்கும் இடத்தில் ஊர் நாய்களோடுதான் சண்டை போடும். யார் வீட்டு நாய் என்று கடிபட்ட குழந்தைக்குத் தெரியாது. அடி விழும் என்று பயந்து அது வீட்டில் சொல்லாமலும் இருந்துவிடும். இந்த நோய் அறிகுறி காட்டிய பிறகு பிழைப்பவர் அநேகமாக இல்லை. அதனால் விலக்குக் கேட்பவர் நாயைக் கட்டிவைக்கத் தயாராக இருக்க வேண்டும். முடியாதென்றால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

தம்பி மகனிடம் இதைத்தான் சொன்னேன். வயது மட்டும் காரணமாகாது. நாயை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டு. சீட்டு கேட்காதே, "பாதுகாப்பாக ஊசி போட என்ன வழி?" என்று கேள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்த முடிவு அவருடையது, கயிறு உன் கையில்.

ஊரில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் நாய்க்குக் கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள்? தேதி தெரியாவிட்டால் நாளைக்கே கூட்டிப்போங்கள். வீட்டில் குழந்தைகளிடமும் சொல்லிவையுங்கள்: நாய் கடித்தாலோ கீறினாலோ உடனே சொல், யாரும் திட்டமாட்டோம்.

என்னிடம் கேட்ட கேள்வியை உங்களிடம் யாரும் கேட்கும் நிலை வரவேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்