சிறிய தளங்களுக்கும் காவல் வேண்டும்

பெறுநர்:
தலைமை இயக்குநர், செர்ட்-இன் (இந்தியக் கணினி அவசரநிலைப் பதிலளிப்புக் குழு), புது தில்லி

மதிப்பிற்குரிய ஐயா,

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூரிலிருந்து எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை விலையையும் ஜவ்வாது மலைக் கிராமங்களுக்கான பேருந்து நேரத்தையும் போடுகிற சிறு இணையதளம் என்னுடையது.

ஒரு வியாழன் இரவு அது படுத்துவிட்டது. சர்வர் பதிவேட்டைத் திறந்தேன். தேடல் பெட்டிக்கு அர்த்தமில்லாத எழுத்துக் கோவைகள் சரம்சரமாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் புதிது என்பதால், சேமித்து வைத்த பக்கத்தைக் காட்டிச் சமாளிக்க வழியில்லை; தரவுத்தளம் ஒவ்வொரு முறையும் தேடியே ஆக வேண்டும். ஊர்கள் வேறு, போன்கள் வேறு. ஆனால் எங்கிருந்து வந்தார்கள் என்ற குறிப்பில் மட்டும் ஒரே பக்கத்தின் முகவரி. அந்தப் பக்கத்தில் ஒளிந்திருந்த ஸ்கிரிப்ட், அதைப் படிக்க வந்தவர்களின் பிரவுசரை அவர்களுக்கே தெரியாமல் என் தளத்தின் மீது ஏவியிருக்கிறது. அவர்களைத் தடுத்தால் உண்மையான வாசகரையும் தடுத்தவனாவேன். சர்வர் வாடகைக்குத் தந்த நிறுவனமோ, அளவு மீறியதாகச் சொல்லி என் கணக்கையே முடக்கியது.

2015 மார்ச்சில், மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் மீது இதே உத்தி பாய்ந்தது. சீனத் தேடல் நிறுவனமான பைடுவின் ஸ்கிரிப்ட்டைத் தாக்கியவர்கள் வழியில் மாற்றி, மாற்றியதை ஏற்றிய பிரவுசர்களை ஆயுதமாக்கினார்கள். கிட்ஹப்பிடம் ஆளும் பணமும் இருந்தன. பல நாள் தாக்குதலைத் தாங்கியது. எங்களைப் போன்றவர்கள் ஒரு மணி நேரம் தாங்க மாட்டோம். தளம் முடங்கினால், மலையிலிருந்து ஆடு ஓட்டி வருபவர் விலை தெரியாமல், வியாபாரி கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டுப் போவார்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்படி இப்படித் தளத்தை முடக்குவது குற்றம். 3 ஆண்டு வரை சிறை உண்டு. இத்தகைய சேவை மறுப்புத் தாக்குதலை நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று நீங்களே ஆணையிட்டீர்கள். தெரிவிப்பது கடமை என்றால், தெரிவித்தவரைத் தூக்கி நிறுத்துவதும் கடமையாக வேண்டும்.

மூன்று கோரிக்கைகள்:

1. தாக்குதலுக்கு உள்ளான சிறு தளத்தை உடனே முடக்காமல், பதிவேட்டைத் தந்து அவகாசமும் கொடுக்கும்படி சர்வர் நிறுவனங்களுக்கு உத்தரவிடுங்கள்.

2. தாக்கும் ஸ்கிரிப்ட் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், அதை நீக்க வைக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். தமிழிலேயே புகார் தர வழி செய்யுங்கள்.

3. கிளவுட்ஃபிளேர் என்ற தனியார் நிறுவனம் 2014 முதல் ‘புராஜெக்ட் கலிலியோ’ வழியாகப் பொதுநலத் தளங்களுக்கு இலவசமாகக் காவல் தருகிறது. அப்படியொரு காவலை அரசும் தரட்டும். ஊர்த் தளங்களுக்கு அதில் முதலிடம் கொடுங்கள்.

பெரிய தளங்கள் தங்களைக் காத்துக்கொள்ளும். காக்க ஆளில்லாதவர்களுக்காகத்தான் உங்கள் அமைப்பு முதலில் எழுந்து வர வேண்டும்.

இப்படிக்கு,
சந்தை விலைத் தளம் நடத்துபவன்,
ஒடுகத்தூர்