பி.டி.எஃப். ஒன்றே போதுமா?

அச்சிட்ட பக்கம் அணுவும் பிசகாமல் நிற்பதால், தமிழ் நூல்களைப் பாதுகாக்க பி.டி.எஃப். ஒன்றே போதும் என்பது சிவகாசி அச்சுத்தொழிலோடு பழகியவர்களிடம் ஊறிப்போன வாதம். அது மூன்று காரணங்களால் நிற்காது.

முதலாவது, பி.டி.எஃப்.இல் நிற்பது பக்கத்தின் ரூபமேயன்றி எழுத்தன்று. யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் பேஜ்மேக்கர் மென்பொருளில் கோத்த பழைய நூலொன்றிலிருந்து 'அம்மா' என்ற சொல்லைப் பிரதியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால், நாலு ஆங்கில எழுத்தும் நடுவே ஓர் அரைப்புள்ளியுமாக வந்து விழும். தேடினால் அகப்படாத நூலைப் பாதுகாத்ததாக எந்த நியாயத்தில் சொல்வது? 1998 தைப்பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் என்னும் தமிழ் மின்னூல் முயற்சி தன் பழைய குறியேற்ற நூல்களை யூனிகோடுக்கு மாற்ற இயன்றது, படத்தையன்றி எழுத்தைச் சேமித்ததாலன்றோ?

இரண்டாவது, காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டி லேபிளுக்கும் ரூபமே சர்வமும், அங்கே பி.டி.எஃப். உத்தமம், ஆட்சேபமில்லை. ஆனால் ஏ4 பக்கத்தைக் கைப்பேசியில் வரிக்கு வரி இழுத்துப் படிப்பது வாசிப்பா, தண்டனையா?

மூன்றாவது, பி.டி.எஃப்.இலும் நெடுங்காலச் சேமிப்புக்கென்றே 2005இல் வகுத்த பி.டி.எஃப்./ஏ நியமம் எழுத்துருவை உள்ளேயே பதிக்கக் கட்டளையிடுகிறது. அதை அனுசரிப்பவர் எத்தனை பேர்?

ஈபப் என்னும் மின்னூல் வடிவமோ வெறும் ஜிப் பொதி. பிரித்தால் எந்த எடிட்டரிலும் படிக்கத்தக்க சாதாரண எழுத்து. அதை மூலமாக வைத்து, பக்க அமைப்புக்கு ஒரு பி.டி.எஃப்./ஏ பிரதியும் எடுத்து வைப்பதில் என்ன நஷ்டம்?