புதுக் கார், தீராத ரிப்பேர்: ஷோரூம் கைவிரித்தால் என்ன வழி?

செங்கல்பட்டு.

"சார், வண்டியிலே ஒண்ணுமே இல்லை. நீங்க ஓட்டுற விதத்திலேதான் கோளாறு!"

கடன் வாங்கிப் புதுக் கார் எடுத்தவர், ஐந்தாவது தடவையாக சர்வீஸ் சென்டர் படி ஏறும்போது கேட்கும் வசனம் இது. செங்கல்பட்டு ஜி.எஸ்.டி. ரோட்டிலும் சரி, மாமல்லபுரம் பூஞ்சேரி கூட்டு ரோட்டிலும் சரி, கார்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்து டீ குடிக்கும் இடத்தில் இந்த வசனம் புதிதல்ல.

வேடிக்கை என்னவென்றால், இது கார் செய்கிற மாவட்டம். மறைமலைநகரில் போர்டு கம்பெனி லட்சக்கணக்கில் கார்களைச் செய்து உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் விற்றது. 2021-ம் ஆண்டு செப்டம்பரில்தான் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. சிங்கபெருமாள் கோவில் பக்கம் மகேந்திரா சிட்டியில் 2007-ம் ஆண்டு முதல் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை ஓடுகிறது. பக்கத்து காஞ்சீபுரம் மாவட்டத்தில், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். கார் செய்யும் ஊரிலேயே கார் வாங்கியவர் ஒரு சத்தத்துக்கு விடை தெரியாமல் அலைகிறார்.

அலைக்கழிப்பு

ஒரு குமாஸ்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு செங்கல்பட்டில், வேலை மாமல்லபுரத்தில். திருக்கழுக்குன்றம் வழியாக சுமார் 30 கிலோமீட்டர். புது வண்டி, முதல் மாதமே பள்ளம் மேட்டில் ஏறும்போது உதறுகிறது. சில நாள் சிக்னலில் நின்றால் என்ஜின் தானாக அணைகிறது.

முதல் தடவை ஷோரூமில் ராஜ உபசாரம். ஏ.சி. அறை, காபி, செய்தித்தாள். சாயங்காலம் வண்டியைக் கழுவித் துடைத்துக் கொடுத்து, "ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க சார், செட் ஆயிடும்" என்பார்கள். ஆகாது. இரண்டாவது தடவை, "சாப்ட்வேர் மாத்தியாச்சு." மூன்றாவது தடவை, "பார்ட்ஸ் வரணும், பத்து நாள் ஆகும்." நான்காவது தடவை காபி கிடையாது. ஐந்தாவது தடவை, "நீங்க கிளட்சிலே காலை வெச்சிக்கிட்டே ஓட்டுறீங்க."

இதற்குள் மாதத் தவணை மட்டும் ஒரு நாள்கூடத் தவறாமல் பாங்கில் பிடித்துக்கொண்டிருக்கும். வாரண்டியும் நாள் நாளாகக் கரைந்துகொண்டிருக்கும்.

ஏன் பிடிபடவில்லை?

மெக்கானிக்குகள் எல்லோரும் திறமை இல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. வந்து வந்து போகும் கோளாறு, டாக்டர் வீட்டு வாசலில் நின்றுபோகும் வயிற்று வலி மாதிரி. சர்வீஸ் சென்டரில் வண்டியோடு கம்ப்யூட்டரை இணைத்துப் பார்க்கிறார்கள். அதில் கோளாறு பதிவாகி இருந்தால் வேலை நடக்கும். பதிவாகவில்லை என்றால் "குறை எதுவும் தென்படவில்லை" என்று எழுதி வண்டியை வெளியே தள்ளிவிடுகிறார்கள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. வாரண்டியில் செய்யும் வேலைக்கான காசை டீலர், தயாரிப்புக் கம்பெனியிடம் கேட்டு வாங்கவேண்டும். காரணம் காட்டாமல் பார்ட்ஸ் மாற்றினால் அந்தக் காசு வருமா என்ற பயம். ஆகவே பெரிய வேலையில் கைவைக்கத் தயக்கம்.

கடற்கரைக்காரர்களுக்கு மூன்றாவது தலைவலியாக உப்புக்காற்று. கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் என்று கடலோரம் நிற்கும் வண்டியில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறும். மின்சாரக் கோளாறு விட்டு விட்டு வர இது ஒன்றே போதும். பல வாரண்டி புத்தகங்களில், சுற்றுப்புறத்தால் வரும் துருவுக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். கோளாறு முதல் மாதமே வந்தது என்பதற்கு அத்தாட்சி இல்லாவிட்டால், "கடல் காத்து சார்" என்று பழியைக் காற்றின் மேல் போட்டுவிடலாம்.

ரூ.50 லட்சம்

இந்த அலைச்சல் பணக்காரரையும் விடவில்லை. ஐதராபாத்தில் ஒரு கம்பெனி 2009-ம் ஆண்டு செப்டம்பரில் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸ் கார் வாங்கியது. வாங்கிய சில நாளிலேயே கோளாறு. ஒர்க்ஷாப்புக்குப் போய் வந்த பிறகு நவம்பரில் மறுபடியும் கோளாறு. கார் வாங்கிய கம்பெனி போலீசுக்குப் போய் மோசடிப் புகார் கொடுத்தது.

2012-ம் ஆண்டு ஆந்திர ஐகோர்ட்டு அந்த வழக்கை ரத்து செய்து, பழுதான காருக்குப் பதில் புதுக் கார் கொடுக்கச் சொன்னது. தயாரிப்பாளர் கொடுக்கத் தயார். புகார்தாரர் வாங்கவில்லை. விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2024-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி தீர்ப்பு வந்தது: கிரிமினல் வழக்கு வேண்டாம், கம்பெனி ரூ.50 லட்சம் கொடுத்துக் கணக்கை முடிக்கவேண்டும்.

தொகை பெரிதுதான். ஆனால் கார் வாங்கியதில் இருந்து தீர்ப்பு வரை கிட்டத்தட்ட 15 வருடம்! வண்டி பழுது என்றதும் போலீஸ் நிலையத்துக்கு ஓடுபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். பழுதுக் கார் வேறு, மோசடி வேறு. பழுதுக்குப் போகவேண்டிய இடம் நுகர்வோர் ஆணையம்.

கார் மாறுமா?

அங்கே போனால் உடனே புதுக் கார் கிடைத்துவிடும் என்றும் நினைக்கவேண்டாம். ஜம்மு-காஷ்மீரில் இருந்து வந்த மாருதி கார் வழக்கு ஒன்றில் 2006-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு சொன்னது இதுதான்: வாரண்டியில் பார்ட்ஸை ரிப்பேர் செய்வோம் அல்லது மாற்றுவோம் என்றுதான் வாக்குறுதி, ஆகவே பழுதான பார்ட்ஸைத்தான் மாற்றச் சொல்லலாம், முழுக் காரையும் அல்ல.

2022-ம் ஆண்டு ஏப்ரலில் வேறொரு முடிவு வந்தது. டெல்லிப் பக்கத்தில் ஒருவர் வாங்கிய ஹூண்டாய் கிரெட்டா, 2017-ம் ஆண்டு விபத்தில் சிக்கியது. உயிர் காக்கவேண்டிய காற்றுப்பை விரியவில்லை. மாநில ஆணையம் ரூ.3 லட்சம் நஷ்டஈடும், மாற்றுக் காரும் கொடுக்கச் சொல்லியிருந்தது. அதை சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. எவ்வளவு வேகத்தில் மோதினால் பை விரியும் என்று கணக்குப் போட, கார் வாங்குபவர் இயற்பியல் நிபுணரா என்ற பொருளில் நீதிபதிகள் கேட்டார்கள்.

சாதாரணப் பழுது என்றால் பார்ட்ஸ். உயிருக்கு உலை வைக்கும் தயாரிப்புக் கோளாறு என்று நிரூபித்தால் கார்கூட மாறலாம். நிரூபிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வண்டி எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் ஆணையம் பார்க்கும். "இத்தனை தூரம் ஓட்டியிருக்கிறாரே, பழுது எங்கே?" என்பது எதிர்த்தரப்பு வக்கீலின் வழக்கமான கேள்வி.

ஓட்டுறவர் மேல் பழி

"ஓட்டுற விதம்" என்ற வசனம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. ஆஸ்திரேலியாவில் போர்டு கம்பெனியின் போகஸ், பியஸ்டா, ஈகோஸ்போர்ட் கார்களில் தானியங்கி கியர் உதறியது. (ஈகோஸ்போர்ட், மறைமலைநகரிலும் தயாரான பெயர்.) சரிசெய்து கொண்டுபோனாலும் மறுபடியும் உதறல். காரிலேயே தரக் கோளாறு இருப்பது தெரிந்தும், ஓட்டும் விதம்தான் காரணம் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லப்பட்டது. மாற்றுக் கார் கேட்டவர்கள் மேலும் காசு கட்டவேண்டி இருந்தது. அந்த நாட்டு நுகர்வோர் அமைப்பு கோர்ட்டுக்குப் போனது. 2018-ம் ஆண்டு ஏப்ரலில் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது!

அமெரிக்காவில் வேறு மாதிரி. நாம் புது வண்டிக்குப் பூஜை போட்டு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்குகிறோம். அங்கே தீராத பழுதுள்ள காருக்குப் பெயரே "எலுமிச்சம்பழம்". 1982-ம் ஆண்டு கனெக்டிகட் மாநிலத்தில் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. மற்ற மாநிலங்களும் பின்பற்றின. பொதுவாக, ஒரே பழுதுக்கு நாலு தடவை போயும் தீராவிட்டாலோ, 30 நாள் ஒர்க்ஷாப்பில் கிடந்தாலோ, கம்பெனி மாற்றுக் காரோ பணமோ கொடுக்கவேண்டும்.

இந்தியாவில் அந்த மாதிரி எண்ணிக்கைச் சட்டம் இல்லை. ஆகவே எத்தனை தடவை படியேறினோம் என்ற கணக்கை வாங்கியவரேதான் வைத்துக்கொள்ளவேண்டும்.

ஜாப் கார்டு

அந்தக் கணக்குக்குப் பெயர் ஜாப் கார்டு. வண்டியை விடும்போது கவுண்டரில் கையெழுத்து வாங்குகிறார்களே, அந்தக் காகிதம். பலர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதில் "ஜெனரல் செக்கப்" என்று இருந்தால், சட்டத்தின் கண்ணில் அன்று பழுதே கிடையாது!

"போன தடவை சொன்ன அதே உதறல், மறுபடியும்" என்று வாங்கியவர் வாய்ச்சொல்லாகவே எழுதவைக்கவேண்டும். தேதி, கிலோமீட்டர் இரண்டும் இருக்கவேண்டும். வண்டி எத்தனை நாள் உள்ளே கிடந்தது என்பதும் வேண்டும். கோளாறு வரும்போது பக்கத்தில் இருப்பவரை விட்டு செல்போனில் படம் எடுக்கச் சொல்லவேண்டும். வாரண்டி இருக்கும்வரை வெளி மெக்கானிக்கிடம் பிரிக்கக் கூடாது. "வெளியே கை வெச்சிட்டாங்க" என்ற சாக்குக்கு நாமே வழிவிட்டது போலாகும்.

அடுத்து நோட்டீஸ். டீலருக்கு ஒன்று, தயாரிப்புக் கம்பெனிக்கு ஒன்று, ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில். ஏன் இரண்டு பேருக்கும்? கோவாவில் 2009-ம் ஆண்டு தயாரான காரை 2011-ல் புதுசு என்று டீலர் விற்ற வழக்கில், தயாரிப்பாளருக்குத் தெரியாமல் டீலர் செய்த தவறுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பல்ல என்று 2021-ம் ஆண்டு பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. தயாரிப்புக் கோளாறு என்றால் கம்பெனியின் பொறுப்பு. ரிப்பேரில் குறை என்றால் டீலர் பொறுப்பு. எது என்று வாங்கியவருக்குத் தெரியாது. ஒருவரை விட்டுவிட்டால், மற்றவர் அவரைக் கைகாட்டித் தப்பித்துக்கொள்வார்.

எங்கே போவது?

2020-ம் ஆண்டு ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டப்படி, கார் எந்த ஊரில் வாங்கியிருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சென்னை ஷோரூமில் வாங்கிய மாமல்லபுரத்துக்காரர் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். ரூ.50 லட்சம் வரை விலை கொடுத்திருந்தால் மாவட்ட ஆணையம். ரூ.5 லட்சத்துக்கு மேல் ரூ.10 லட்சம் வரையான காருக்குக் கட்டணம் ரூ.200-தான். வக்கீல் கட்டாயம் இல்லை. 1915 என்ற இலவச எண்ணில் முதலில் புகார் சொல்லிப் பார்க்கலாம்.

ஆணையம் காரைத் தகுந்த ஆய்வுக்கு அனுப்பலாம். ஆய்வு தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்கவேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வருடக்கணக்கில் இழுப்பதும் உண்டு, அப்பீலும் உண்டு. முக்கியமான கெடு ஒன்று: வழக்குக்குக் காரணம் ஏற்பட்டதில் இருந்து 2 வருடத்துக்குள் போடவேண்டும். "பார்க்கலாம் சார், அடுத்த சர்வீசிலே பார்க்கலாம்" என்று ஷோரூம் சொல்லச் சொல்ல, ஓடுவது அந்தக் கெடுவும்தான்.

மாமல்லபுரத்தில் டாக்சி ஓட்டுபவர்கள், "வாடகை வண்டிக்கு இந்தச் சட்டம் கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். வியாபாரத்துக்கு வாங்கியவருக்குத்தான் கிடையாது. சொந்தமாக ஓட்டி அந்த வருமானத்தில் பிழைப்பு நடத்துகிறவரை சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. வண்டி பத்து நாள் ஷெட்டில் கிடந்தால் குமாஸ்தா பஸ்ஸில் போவார். டிரைவர் வீட்டில் பத்து நாள் அடுப்பு எப்படி எரியும்? போன சவாரிக் கணக்கையும் அவர் எழுதி வைத்தால், நஷ்டஈடு கேட்கும்போது கைகொடுக்கும்.

கம்பெனிக்குப் பெரிய வக்கீல்கள் இருக்கிறார்கள். வாங்கியவர் கையில் இருப்பது நாலு ஜாப் கார்டும், இரண்டு தபால் ஒப்புகையும்தான். அவை ஒரு மஞ்சள் பையில் தேதிவாரியாக இருந்தாலே வழக்குக்குப் பாதி பலம் வந்துவிடும். அடுத்த தடவை சர்வீசுக்குப் போகிறவர்கள், காபியைக் கொஞ்சம் ஆறவிட்டு, காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படிக்கட்டும். கையெழுத்து அதற்கப்புறம்!