உள்ளம் திறக்கும் மொழி

ஒருவர் ஊரார்க்கு எழுதும் நூலில் அவர்தம் அறிவைக் காணலாம். உற்றார்க்கு எழுதும் மடலிலேயே அவர்தம் உள்ளத்தைக் காணலாம். அவ்வுள்ளம் எந்த மொழியில் திறக்கும்? இவ்வினாவிற்குப் பெரும்புகழ் எழுத்தாளர் பிரான்சு காப்காவும் அவர்தம் தோழி மிலேனாவும் எழுதிக்கொண்ட மடல்கள் தெளிந்த விடை தருகின்றன.

காப்கா (1883–1924) பிராகா நகரில் பிறந்த யூதர். செருமானிய மொழியில் எழுதியவர். மிலேனா (1896–1944) அதே நகரிற் பிறந்த செக்குப் பெண்மணி. மணமாகி வியன்னாவில் வாழ்ந்தவர். காப்காவின் கதையொன்றைச் செக்கு மொழியிற் பெயர்த்து 1920-இல் வெளியிட்டவர். அம்மொழிபெயர்ப்பு வழியே அரும்பிய தொடர்பு ஆழ்ந்த நட்பாகவும் காதலாகவும் மலர்ந்தது. இருவரும் நேரிற் கண்டு பழகிய நாள்களோ மிகச் சில. எஞ்சியவெல்லாம் மடலாலேயே நடந்தன.

1918 வரை பிராகாவை ஆண்டது ஆப்சுபர்கு அரசு. செருமானியம் அங்கே மேன்மக்கள் மொழியாகச் செருக்கி நின்றது. உழவர் மொழி, பணியாளர் மொழி என்று இழிக்கப்பட்ட செக்கு மொழி நெடும் போராட்டத்திற்குப் பின்னரே தலைநிமிர்ந்தது. மிலேனாவுக்குச் செருமானியமும் தெரியும். ஆகவே, 'எனக்குச் செருமானியத்தில் எழுதுக' என்று காப்கா கேட்டிருப்பின் எவரும் வியந்திரார். அவரோ செக்கு மொழியிலேயே எழுதுமாறு வேண்டினார். அம்மொழியில்தான் முழு மிலேனாவும் இருக்கின்றார் என்பதே அவர் காட்டிய கரணியம். அதன்பின் அவர் செருமானியத்தில் எழுத, இவர் செக்கில் எழுதினார்.

இவ்வுணர்வு காப்காவுக்குத் திடுமென வந்ததன்று. அன்னையைச் சுட்டும் செருமானியச் சொல் யூதத் தாய்க்குப் பொருந்தாமல் அயன்மைப்பட்டு நிற்பதை, 1911-ஆம் ஆண்டு நாட்குறிப்பிலேயே அவர் எழுதியுள்ளார். ஈன்றவளை அழைக்கும் சொல்லே அயலாகிப் போகும் துன்பத்தைப் பட்டறிந்தவர் தம் தோழியின் தாய்மொழியைப் போற்றியதில் வியப்பென்ன?

"மொழி எதுவாயின் என்ன, செய்தி சென்றால் போதாதா?" என்பாரும் உளர். செய்தி செல்லும்; எழுதியவர் உள்ளம் செல்லாது. அரைகுறையாய் வந்த தோழியைக் காப்கா ஏற்கவில்லை. முழுமையாய் வருகவென்று அழைத்தார்.

1939-இல் செருமானியப் படை பிராகாவுட் புகுந்த காலத்தே, காப்காவின் மடல்களை மிலேனா வில்லி ஆசு என்னும் நண்பரிடம் ஒப்படைத்தார். அவை 1952-இல் நூலாயின. மிலேனாவோ 1944-இல் இராவென்சுபுரூக்கு வதைக்கூடத்தில் உயிர்நீத்தார். அவர் காப்காவுக்குச் செக்கு மொழியில் எழுதிய மடல்கள் இன்றுவரை கிடைத்தில. காப்கா வேண்டிப் பெற்ற அந்தத் தாய்மொழிப் பாதியே மறைந்துபோயிற்று. உலகம் இன்று கேட்பது ஒருவர் குரலை மட்டுமே!

பெற்றோர்க்கும் நண்பர்க்கும் ஆங்கிலத்தில் எழுதுவதைப் பெருமையாகவும், தமிழையே ஆங்கில எழுத்தில் கைப்பேசியில் தட்டி அனுப்புவதை எளிமையாகவும் கருதும் தமிழிளைஞர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. வேற்று நாட்டு எழுத்தாளர் ஒருவர் தம் தோழியிடம் வேண்டிக் கேட்டதை, நம் அன்னையர் நம்மிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டுமா? நெஞ்சுக்கு உரியவர்க்கு நெஞ்சின் மொழியில் எழுதுவோம். அவர் எழுதியவற்றைப் பேணிக் காப்போம். மேடையில் மட்டும் முழங்கி மடலில் மறக்கப்படும் மொழி நெடுநாள் வாழாது.