வட சென்னை என்னும் கோட்டை: யாருக்கு அரண்?

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்தில் படகுகளையும் வலைகளையும் அலையாத்தி மரங்களையும் கறுப்பாக்கியது. அது மணலி சி.பி.சி.எல். ஆலை வளாகத்திலிருந்து வெளியேறியது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்திடம் தெரிவித்தது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் கோரமண்டல் உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடி வந்தனர். நான்கு மாதம் நிறைவதற்குள், 2024 ஏப்ரல் 19 அன்று, நாடாளுமன்றத் தேர்தல். வட சென்னையில் தி.மு.க.வின் கலாநிதி வீராசாமி சுமார் 3.39 லட்சம் வாக்கு வேறுபாட்டில் மீண்டும் வென்றார்.

இந்த முடிவுக்கு இரண்டு எளிய விளக்கங்கள் உலவுகின்றன. மக்கள் மறந்துவிட்டார்கள் என்பது ஒன்று; காசுக்கு விலைபோய்விட்டார்கள் என்பது மற்றொன்று. உழைக்கும் மக்களைச் சிந்திக்கத் தெரியாதவர்களாகக் கருதும் இவ்விரு விளக்கங்களையும் நாம் ஏற்பதற்கில்லை. ஒரு தொகுதி ‘கோட்டை’ ஆகிவிட்டால் அங்குள்ள வாக்குக்கு என்ன நேர்கிறது என்பதே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

வட சென்னை மக்களவைத் தொகுதியில் திருவொற்றியூர், டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், இராயபுரம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். 2021இல் ஆறையும் தி.மு.க.வே வென்றது. 2019 மக்களவைத் தேர்தலில் வேறுபாடு சுமார் 4.61 லட்சம். எனினும் இக்கோட்டை என்றும் இருந்ததன்று. 2014இல் இதே தொகுதியை அ.தி.மு.க. கைப்பற்றியது. இராயபுரத்தில் 2001 முதல் தொடர்ந்து நான்கு முறை வென்ற ஜெயக்குமார் 2021இல் தோற்றார். இன்னும் பின்னே சென்றால், 1957இல் இத்தொகுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர் பெருங்கட்சி எதையும் சாராத தொழிற்சங்கத் தலைவர் எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை. ஆலையிலும் துறைமுகத்திலும் திரண்டிருந்த தொழிலாளர் வலிமைக்கு அன்று தனிக் குரல் இருந்தது.

இன்றைய கோட்டையைத் தாங்கி நிற்பது பெருமளவு தற்காப்பு வாக்கு. 400 இடங்கள் என்னும் முழக்கத்தோடு பா.ஜ.க. களமிறங்கிய 2024இல், அரசமைப்புச் சட்டமும் இடஒதுக்கீடும் என்னவாகும் என்னும் அச்சம் தலித் மக்களுக்கும் இசுலாமியர், கிறித்தவர்களுக்கும் இருந்தது. எண்ணூர்க் கழிமுகத்தைக் காப்பதைவிட அரசமைப்பைக் காப்பது அவசரமெனத் தோன்றியதில் பிழையில்லை. எதிர்த்தரப்பும் அ.தி.மு.க., பா.ஜ.க. எனப் பிரிந்து நின்றது. சுமார் 60 விழுக்காட்டினரே வாக்களித்தனர்; மாநில அளவில் அது ஏறத்தாழ 70. வென்றவரின் வாக்கும் 2019இல் பெற்ற 5.9 லட்சத்திலிருந்து ஐந்து லட்சத்துக்குக் கீழே இறங்கியது. வாக்குச்சாவடிக்கு வராதோரின் மௌனத்தையும் சேர்த்தே இந்த வெற்றியை வாசிக்க வேண்டும்.

நியாயமான காரணத்துக்காக அளிக்கப்படும் இவ்வாக்கு, கட்சியின் கணக்கேட்டில் நிரந்தர வரவாக எழுதப்படுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வெற்றி உறுதியான தொகுதியில் உண்மையான தேர்தல் வேட்பாளரைத் தெரிவு செய்யும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது. அமெரிக்க நாடாளுமன்றத் தொகுதிகளிலும் பெரும்பாலானவை இத்தகைய கோட்டைகளே. ஆனால் அங்கே கட்சி வேட்பாளர் யார் என்பதை முதனிலைத் தேர்தலில் வாக்காளரே முடிவு செய்கின்றனர். 2018இல் நியூயார்க்கில் பத்து முறை வென்றிருந்த ஜோ கிரௌலியை, அதே கட்சியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ் அப்படித்தான் வீழ்த்தினார். இங்கே அந்த வாசல் தலைமையகத்துக்குள் இருக்கிறது. முன்னாள் அமைச்சர் ஆற்காடு வீராசாமியின் மகன் வேட்பாளரானபோது கொருக்குப்பேட்டையையோ எர்ணாவூரையோ யாரும் கேட்கவில்லை. வென்றபின் கட்சித் தாவல் தடைச் சட்டம் உறுப்பினரைக் கொறடாவின் ஆணைக்குக் கட்டிப்போடுகிறது. இது ஒரு தனிமனிதரின் குறையன்று. யாரால் பதவி கிடைக்கிறதோ அவருக்கே பொறுப்பாக இருப்பது எந்தக் கட்சியிலும் இயல்பு.

எல்லைக்கோடு இதை மேலும் கடினமாக்குகிறது. எண்ணூர்க் குப்பங்கள் வட சென்னையில் உள்ளன. அவற்றின் மேல் சாம்பலைக் கொட்டும் வட சென்னை அனல் மின் நிலையம் அமைந்த அத்திப்பட்டும், துறைமுக விரிவாக்கம் பேசப்படும் காட்டுப்பள்ளியும் பொன்னேரி சட்டமன்றத் தொகுதியில், திருவள்ளூர் மக்களவைத் தொகுதியில் வருகின்றன. கழிமுகம் ஒன்று, உறுப்பினர் இருவர். பொன்னேரியும் திருவள்ளூரும் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகள். 2024இல் அதே கூட்டணியின் காங்கிரஸ் வேட்பாளர் சசிகாந்த் செந்தில் திருவள்ளூரில் வென்ற வேறுபாடு சுமார் 5.72 லட்சம். தனித்தொகுதியும் கோட்டையாகிவிட்டால், 1932 பூனா ஒப்பந்தத்தின் கூட்டுத் தொகுதி முறை குறித்து அம்பேத்கர் எழுப்பிய கேள்வி மீண்டும் எழுகிறது: உறுப்பினர் தலித்தாக இருந்தாலும், அவரைத் தெரிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

கோட்டைக்கு எதுவும் கிடைப்பதில்லை என்று நாம் சொல்லவில்லை. 4,181 கோடி ரூபாய் மதிப்பில் வட சென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச் 14 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்துத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது. எண்ணெய்க் கசிவால் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. 2022இல் சென்னை மாநகராட்சியின் முதல் தலித் பெண் மேயராக ஆர். பிரியா திரு.வி.க. நகர்ப் பகுதியிலிருந்தே வந்தார்; இடஒதுக்கீடு அதைச் சாத்தியமாக்கியது. இவை பயனற்றவை அல்ல. ஆனால் எதைக் கட்டுவது, எந்த ஆலையை எங்கே நிறுத்துவது என்னும் முடிவு இம்மக்களோடு பேரம் பேசி எடுக்கப்படுவதில்லை. கொடை கிடைக்கிறது, பங்கு கிடைப்பதில்லை.

போட்டி கடுமையானால் எல்லாம் சரியாகிவிடுமா? 2017இல் ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலில் போட்டி உச்சத்தில் இருந்தது. பணப் பட்டுவாடாவால் ஏப்ரல் மாதத் தேர்தலே இரத்தாயிற்று. அமைப்பாகத் திரளாத மக்களிடம் போட்டி வந்தால் அது பணமாகவே வருகிறது.

தனித்து நிற்க முயன்றோரும் உண்டு. வழக்கறிஞர் கி. ஆம்ஸ்ட்ராங் 2006இல் மாநகராட்சி உறுப்பினரானார். 2011இல் கொளத்தூரில் பகுஜன் சமாஜ் கட்சி சார்பில் நின்று தோற்றார். வார்டு அளவில் எட்டிய வெற்றி தொகுதி அளவில் எட்டவில்லை. 2024 ஜூலை 5 அன்று, தேர்தல் முடிவு வந்த ஒரே மாதத்தில், அவர் பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். பெரம்பூரில் அடக்கம் செய்யக் குடும்பம் கேட்ட அனுமதியும் கிடைக்காமல், அவர் உடல் பொத்தூருக்குக் கொண்டு செல்லப்பட்டது.

சிதறிய வாக்கின் விலையை இம்மண் முன்பே அறியும். 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் ஒருபுறமும், சாதி இந்து, இசுலாமியத் தொழிலாளர் மறுபுறமுமாகப் பிளவுபட, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆலை நிர்வாகம் பிழைத்துக்கொண்டது. இன்றும் தலித், மீனவர், இசுலாமியர் எனக் குடியிருப்புவாரியாகத் தனித்தனியே கணக்கிடப்படுகிறோம். ஆனால் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறோம்.

ஆகவே பேரம் வாக்குப்பதிவுக்கு முன்பே தொடங்க வேண்டும். வேட்பாளர் பட்டியல் வெளிவருவதற்கு முன், கழிமுகம், ஆலைப் பாதுகாப்பு, குடியிருப்பு, தூய்மைப் பணியாளர் உரிமை ஆகியவற்றை எழுத்துவடிவக் கோரிக்கைகளாக்கி, வட சென்னையும் திருவள்ளூரும் சேர்ந்தே கூட்டணித் தலைமைகளிடம் வைக்க வேண்டும். மாணவர்களுக்கு ஒரு பணி உண்டு. தேர்தல் ஆணையம் வெளியிடும் படிவம் 20இல் ஒவ்வொரு வாக்குச்சாவடியின் வாக்கும் பதிவாகியுள்ளது. எந்தக் குப்பம், எந்தச் சேரி இக்கோட்டையைத் தாங்குகிறது என்பதை அதிலிருந்து எண்ணிக்கையோடு எடுத்துச் சொல்ல முடியும். கட்சிகள் அந்தக் கணக்கை ஏற்கெனவே வைத்திருக்கின்றன. அது நம் கையிலும் இருந்தால்தான், தற்காப்புக்காக அளிக்கும் வாக்குக்கும் நிபந்தனை வைக்க இயலும்.