கற்பனை பொய்யன்று



பொம்மைப் படம் பார்ப்பதனால் பிள்ளைக்கு என்ன பயன், அந்நேரத்தில் நான்கு வாய்ப்பாட்டை மனனம் செய்யலாகாதா என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. பகலெல்லாம் உழைத்து, அவ்வுழைப்பின் பலன் பிள்ளையின் படிப்பிலே விளையவேண்டும் என்று காத்திருப்போர் கேட்கும் கேள்வி அது. அதனை நான் இகழேன். தொலைக்காட்சியில் ஓடும் பொம்மைப் படங்களுள் பல, அடிதடியும் கூச்சலும் மலிந்தவை என்பதையும் மறுக்கேன். ஆயினும் எல்லாவற்றையும் ஒரே தராசில் இட்டு ஒதுக்கிவிடுதல் முறையாகாது. 'என் அண்டை வீட்டு டோட்டோரோ' என்னும் ஜப்பானியப் படத்தைக் கண்டோர் அவ்வாறு ஒதுக்கமாட்டார் என்பது என் துணிவு.

இப்படம் 1988ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஜப்பானில் வெளிவந்தது. கதையை எழுதி இயக்கியவர் ஹயாவோ மியாசாக்கி. தயாரித்தது 1985இல் தோன்றிய ஜிப்லி படக்கூடம். முழுவதும் கையால் வரையப்பட்ட படம் இது. கதைமாந்தரின் அசைவுகளைத் தாளில் வரைந்து, அவற்றை ஒளி ஊடுருவும் தகடுகளில் படியெடுத்து, வண்ணம் தீட்டி, பின்னணி ஓவியத்தின்மேல் வைத்து ஒவ்வொன்றாகப் படம் பிடித்தனர். திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரே ஓவியத்தை இருமுறை மும்முறை படம்பிடித்து வேலையைச் சுருக்கினாலும், அசைவுள்ள காட்சிக்கு நொடிக்கு 8 முதல் 12 ஓவியங்கள் வேண்டும். படம் ஓடுவதோ 86 நிமிடம். ஆறாம் ஆண்டு மாணவர்கள் இதனை வீட்டுக்கணக்காகக் கொள்ளலாம். நொடிக்கு 8 என்றே வைத்தாலும் விடை நாற்பதாயிரத்தைத் தாண்டும். பின்னணி ஓவியங்களுக்குப் பொறுப்பேற்றவர் கசுவோ ஓகா. அவர் தீட்டிய மரங்களில் காலை வெயில் வேறு, மாலை வெயில் வேறு. பாசி படிந்த அடிமரமும் மழைக்குப்பின் நனைந்த மண்ணும் கண்ணுக்கு அத்துணை மெய்யாகத் தோன்றுகின்றன. விடியற்காலையிலேயே மரங்களுக்கிடையே நடந்து பழகியோர் இதனை என்னைவிட நன்கு உணர்வர்.

கதை 1950களில் நிகழ்வது. தோக்கியோவை அடுத்த சயாமா குன்றுப் பகுதியை நினைவிற்கொண்டு வரைந்த சிற்றூர். தாய் மருத்துவமனையில் இருக்கிறார். அவருக்கு அருகில் இருக்கும்பொருட்டுத் தந்தை தம் இரு பெண்மக்களுடன் ஒரு பழைய வீட்டிற்குக் குடிபெயர்கிறார். மூத்தவள் சட்சுகி; இளையவள் நான்கு வயது மெய். இரு பெயரும் மே மாதத்தையே குறிப்பன. முன்னது பழைய ஜப்பானியச் சொல், பின்னது ஆங்கிலச் சொல்லின் ஒலி. எனினும் நம் தமிழ்ச் செவியில் 'மெய்' என்னும் பெயர் விழும்போது தோன்றும் பொருள் வேறு. இப்படத்திற்கு அது மிகப் பொருந்துகிறது என்று நான் எண்ணி மகிழ்வதுண்டு.

காரணம் கூறுகிறேன். வீட்டருகே வானளாவிய கற்பூர மரம் ஒன்று நிற்கிறது. சிறிய உயிர்கள் இரண்டினைப் பின்தொடர்ந்து சென்ற மெய், அம்மரத்தின் பொந்திலே விழுந்து, உள்ளே உறங்கும் பேருருவம் ஒன்றைக் காண்கிறாள். கதைப் புத்தகத்தில் கேட்ட பூதத்தின் பெயரை மழலையிலே திரித்து 'டோட்டோரோ' என்று அதனை அழைக்கிறாள். பின்னர்த் தந்தையையும் தமக்கையையும் அவ்விடத்திற்கு அழைத்துச் சென்றால், வழியே காணவில்லை! தமக்கை சிரிக்கிறாள். தான் பொய் சொல்லவில்லை என்று குழந்தை அழாக்குறையாகக் கூறுகிறது. அப்போது அத்தந்தை என்ன செய்கிறார்? அதட்டவில்லை. நீ காட்டின் காவலரைக் கண்டிருக்கிறாய், அந்தப் பேறு எப்போதும் வாய்ப்பதில்லை என்கிறார். பின்பு மூவரும் அப்பெருமரத்தின் முன் சென்று நன்றி கூறி வணங்குகின்றனர். பிள்ளை சொன்னதைச் செவிமடுக்கும் பெரியவர் ஒருவரை இவ்வளவு அழகாகக் காட்டிய படத்தை நான் வேறு கண்டதில்லை. (அதே தந்தை நூலில் மூழ்கி, நான்கு வயதுக் குழந்தையைத் தனியே சுற்ற விடுவது எனக்கு உடன்பாடன்று. நம் தாய்மார்கள் அவரைச் சும்மா விடமாட்டார்கள்.)

மழைக்காட்சி ஒன்றே போதும், இப்படத்தை நினைவில் நிறுத்த. தங்கையை முதுகில் சுமந்து, தந்தையின் பேருந்துக்காக இருளில் காத்து நிற்கிறாள் சட்சுகி. அருகே டோட்டோரோ வந்து நிற்கிறது, தலையில் ஓர் இலையை மட்டும் கவித்துக்கொண்டு. தந்தைக்கென வைத்திருந்த குடையை அவள் அதற்குக் கொடுக்கிறாள். குடையின்மேல் துளிகள் விழும் ஓசை கேட்டு அப்பேருருவம் அடையும் வியப்பே வியப்பு! அன்று பகலில் காந்தா என்னும் சிறுவன் தன் ஓட்டைக் குடையை இச்சிறுமியரிடம் நீட்டிவிட்டு நனைந்து ஓடினான். வீட்டில் திட்டும் வாங்கினான். உதவியைச் சொல்லிக்கொள்ளத் தெரியாத அப்பையனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இக்கதையில் கொடியவர் எவருமில்லை. அதனால் சுவையில்லை என்பார் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்ற அச்சம் முதலிலிருந்தே அவ்வீட்டில் இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து தந்தி வருகிறது. தாய் வீடு வருவது தள்ளிப்போகிறது. அதுவரை பெரியவளைப்போல் சமைத்து, பகலுணவு கட்டி, தங்கையைத் தேற்றிவந்த சட்சுகி, அண்டைவீட்டுப் பாட்டியின் முன் வாய்விட்டு அழுகிறாள். அதனைக் கண்ட மெய், ஒரு சோளக்கதிரை மார்போடு அணைத்துக்கொண்டு, அதைத் தின்றால் தாய் நலம்பெறுவாள் என நம்பி, நெடுந்தொலைவிலுள்ள மருத்துவமனைக்குத் தனியே நடந்து வழிதவறுகிறாள். ஊரே தேடுகிறது. குளத்தில் ஒரு செருப்பு கிடைக்கிறது. அக்கணத்தில் பெரியவர்களும் மூச்சை அடக்கிக்கொள்வர்.

இங்கே டோட்டோரோ உதவுகிறது. பூனைவடிவப் பேருந்தை வரவழைத்துத் தமக்கையைத் தங்கையிடம் சேர்க்கிறது. ஆனால் தாயின் நோயை அது மந்திரத்தால் தீர்க்கவில்லை. இயக்குநரின் தாயும் அவருடைய இளமையில் காசநோயால் பல்லாண்டு துன்புற்றவர். வாழ்ந்து அறிந்ததனால் அவர் பிள்ளைகளுக்குப் பொய்யாறுதல் கூறவில்லை என்று நினைக்கிறேன். நம் பள்ளியில் இப்படத்தை ஒருமுறை காட்டியபோது, பூனைப் பேருந்தைக் கண்டு கைகொட்டிச் சிரித்த பிள்ளைகள், சட்சுகி அழுத இடத்தில் மூச்சுவிடாமல் அமர்ந்திருந்தனர். 'பிள்ளைக்கு என்ன தெரியும்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வீட்டில் நோயும் கடனும் பிரிவும் நேரும்போது, கேட்காததுபோல் மூலையில் விளையாடும் குழந்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

படம் வெளிவந்தபோது பெரும்பொருள் ஈட்டவில்லை. பின்னரே தொலைக்காட்சி வழியாக வீடுதோறும் புகுந்தது. இன்று அப்படக்கூடத்தின் சின்னமே டோட்டோரோதான். சயாமா குன்றுக் காடுகள் கட்டடங்களுக்கு இரையாகாமல் காக்க 1990இல் அதன் பெயரால் ஒரு நிதி தொடங்கி, மக்கள் அளித்த பணத்தில் 1991இல் முதல் துண்டு நிலத்தை வாங்கினர். அதன்பின் பல துண்டுகள் சேர்ந்தன. கற்பனைப் பூதம் ஒன்று உண்மையான மரங்களுக்குக் காவல் நிற்கிறது.

சிறுமியர் நட்ட விதைகள் முளைக்காமலே இருக்கின்றன. ஓரிரவு டோட்டோரோ வந்து அவர்களோடு கைதூக்கி ஆட, விதைகள் பெருமரமாய் வளர்கின்றன. விடிந்து பார்த்தால் பெருமரம் இல்லை. ஆனால் பாத்தியில் சிறு முளைகள் தலைகாட்டி நிற்கின்றன!

பள்ளி விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை இரவு 7 மணிக்கு, பள்ளி மண்டபத்தில் இப்படத்தை மீண்டும் காட்ட எண்ணியுள்ளோம். பேச்சு ஜப்பானிய மொழியில் இருக்கும். இடையிடையே நான் தமிழில் விளக்குவேன். அமர்வதற்குப் பாய் கொண்டு வாருங்கள். பிள்ளைகளை மட்டும் அனுப்பிவிடாமல் தாய்மார்களும், குறிப்பாகத் தந்தைமார்களும் உடன் வரவேண்டுகிறேன்.