குடலில் ‘லீக்’கா, குழாயில் ‘லீக்’கா? காரைக்கால் சொல்லும் பாடம்!

இன்ஸ்டாவைத் திறந்தாலே ‘லீக்கி கட்’ ரீல்ஸ்தான். “உங்க குடல்ல ஓட்டை இருக்கு, இந்தப் பவுடரைக் குடிச்சா அடைஞ்சிடும்” என்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காரைக்கால்தான் நினைவுக்கு வருகிறது.

2022 ஜூலை தொடக்கத்தில் காரைக்காலில் வயிற்றுப்போக்கு வேகமாகப் பரவியது. பரிசோதனையில் காலரா உறுதியானதும், புதுச்சேரி சுகாதாரத் துறை பொது சுகாதார அவசரநிலையை அறிவித்தது. பள்ளி, கல்லூரிகளுக்கு 3 நாள் விடுமுறை. குடிநீரில் கழிவுநீர் கலக்கிறது என்பதுதான் மக்களின் புகார்.

சரி, குடல் சுவர் நிஜமாகவே ‘லீக்’ ஆகுமா? ஆகும். அதை அளக்கவும் முடியும்.

குடலின் உள்பக்கத்தை மூடியிருப்பது ஒரே ஒரு அடுக்கு செல்கள்தான். பக்கத்துப் பக்கத்து செல்களை ஜிப் போட்டதுபோல இறுக்கமான இணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. ஆய்வகத்தில் இந்த அடுக்கின் இரு பக்கமும் மின்முனைகளை வைத்து, மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்துவார்கள். இணைப்பு இறுக்கமாக இருந்தால் மின்தடை அதிகம், தளர்ந்தால் குறையும். காலரா கிருமி சுரக்கும் ஒரு புரதம், முயல் குடலில் இந்த மின்தடையைக் குறைப்பதை அலெசியோ ஃபசானோ குழுவினர் 1991இல் காட்டினார்கள்.

ஆனால் காலராவில் உடம்புத் தண்ணீர் கொட்டுவதற்கு முக்கியக் காரணம் ஓட்டை இல்லைங்க. 1959இல் கொல்கத்தாவின் சம்புநாத் டே கண்டறிந்து சொன்ன காலரா நச்சுதான் வில்லன். அது செல்களில் உள்ள குளோரைடு வாசலை மூடவிடாமல் திறந்தே வைக்கிறது. உப்பு வெளியேற, தண்ணீரும் பின்னாடியே போகிறது. நல்ல வேளையாக, சர்க்கரையும் சோடியமும் சேர்ந்து உள்ளே நுழையும் இன்னொரு வாசல் அப்போதும் வேலை செய்கிறது. ஓஆர்எஸ் உயிர் காப்பது அந்த வழியில்தான். 1971 வங்கதேசப் போரின்போது, பான்காவ் அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதை நிரூபித்துக் காட்டினார்.

இன்னொரு விஷயம். சிறுகுடலின் மின்தடை இயல்பிலேயே குறைவுதான். உணவை உறிஞ்சுவதுதானே அதன் வேலை! குடல் உள்வரிச் செல்களும் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிவிடும். குடல் அழற்சி, சீலியாக் போன்ற நோய்களில் தடுப்பு பலவீனமாவது உண்மை. அதற்கு டாக்டரைப் பாருங்கள், ரீல்ஸை அல்ல.

என் கருத்து இதுதான்: குடல் ஆரோக்கியத்தைத் தனிமனிதர் காசு கொடுத்து வாங்கும் பொருளாக மாற்றிவிட்டோம். காவிரிக் கடைமடையில் குழாய்த் தண்ணீரை நம்பி வாழும் குடும்பத்துக்குப் பவுடர் எதற்கு? உடைந்த குழாயை மாற்றுவதும், குளோரின் அளவைத் தினமும் சோதிப்பதும், சாக்கடையைக் குடிநீர்க் குழாயிலிருந்து தள்ளி வைப்பதும்தான் குடலுக்கான முதல் மருந்து. அவசரநிலை அறிவித்தால் மட்டும் ஓடி வந்து செய்யும் வேலை இல்லை இது.

நம் பங்குக்கு: சந்தேகமான தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்ட ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு வீட்டில் இருக்கட்டும். நிற்காமல் போனால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்த முறை ‘உங்க குடல் லீக் ஆகுதா?’ என்று யாராவது கேட்டால், திருப்பிக் கேளுங்கள்: “எங்க தெருக் குழாய் லீக் ஆகுதே, அதை யார் அடைப்பது?”